பொடி படிந்த ஆய்வகம்

கோயமுத்தூர்ப் பக்கம் பவுண்டரி நடத்துபவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: இரும்பை உருக்கி ஊற்றுவது ஒரு பொழுது வேலை, அதற்கு முன் பேட்டர்ன் செய்து வாங்குவதற்குள் வாரக்கணக்கில் ஓடிவிடும். மரத்தைச் செதுக்க வேண்டும். உலோகம் ஆறிச் சுருங்கும் அளவைக் கணக்கிட்டு உருவத்தைச் சற்றே பெரிதாக்க வேண்டும். மணலிலிருந்து அலுங்காமல் வெளியே வரும்படி பக்கங்களுக்குச் சரிவு கொடுக்க வேண்டும். கை பழகிய ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகச் செய்கிற வேலை அது.

1981-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், விடுமுறை வேலைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவர் இதே தாமதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் கார்ல் டெக்கார்ட். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் முதலாண்டு முடித்திருந்தார். எண்ணெய் வயல்களுக்கான பாகங்களைச் செய்யும் டி.ஆர்.டபிள்யூ. மிஷன் நிறுவனத்தில் வேலை. அங்கே அப்போதே பாகங்களைக் கணினியில் முப்பரிமாணமாக வரையத் தொடங்கியிருந்தார்கள். கணினிக்குள் உருவம் முழுதாக இருக்கிறது. வெளியே அதே உருவத்தை இன்னொருவர் முதலிலிருந்து கையால் செய்துகொண்டிருக்கிறார். கணினியில் இருப்பதை நேரே பொருளாக எடுத்துவிட முடியாதா என்ற கேள்வி அந்தக் கோடையில் அவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டரை ஆண்டுகள் அதை மனத்திலேயே வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

நம் துறையின் விழா மலருக்கு நான் இந்த வரலாற்றைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. லேசரால் பொடியை உருக்கி, அடுக்கடுக்காகப் பாகம் செய்யும் கலையைப் பாடமாக நடத்துகிறோம். முதல் வகுப்பில் மாணவர்கள் எல்லோரும் லேசரையே பார்க்கிறார்கள். அது பளிச்சிடுகிறது, ஆடுகிறது, கோடு இழுக்கிறது. ஆஸ்டின் ஆய்வகத்தின் நாற்பதாண்டு வரலாற்றைப் படித்தபின் எனக்கு ஒரு முடிவு உறுதியாகிவிட்டது. பெயர் லேசருக்குப் போயிற்று. உழைப்பெல்லாம் பொடிக்குப் போயிற்று. அந்தப் பல்கலைக்கழகம் உலகத்துக்குக் கொடுத்த பெரிய அறிவு, பொடியைப் பற்றிய அறிவுதான்.

1883-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. டெக்கார்ட் 1984-இல் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தபோது, தம் யோசனையை ஏற்று வழிநடத்தக்கூடிய ஓர் ஆசிரியரைத் தேடினார். கிடைத்தவர் ஜோ பீமன். கட்டுப்பாட்டுப் பொறியியல் படித்த, வேலைக்கு வந்து சில ஆண்டுகளே ஆன உதவிப் பேராசிரியர். மாணவர் கொண்டுவந்த யோசனை இவ்வளவுதான்: பொடியை மெல்லிய அடுக்காகப் பரப்புவது, அதன்மேல் ஓர் ஆற்றல் கற்றையைச் செலுத்தி வேண்டிய இடத்தை மட்டும் ஒட்டவைப்பது, பின் அதன்மேல் அடுத்த அடுக்கு. கற்றை லேசராகவும் இருக்கலாம், எலெக்ட்ரான் கற்றையாகவும் இருக்கலாம் என்றுதான் முதலில் இருந்தது. பொதுவாக ஆசிரியர்தான் தலைப்புக் கொடுப்பார், மாணவர் எடுத்துக்கொள்வார். இங்கே மாணவர் தலைப்போடு வந்தார், ஆசிரியர் கதவைத் திறந்துவிட்டார். நம் ஊரில் வழிகாட்டிகளாக இருக்கும் நாம் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கலாம்.

முதல் கருவி மிக எளியது. 100 வாட் யாக் லேசர் ஒன்று வாங்கினார்கள். கற்றையைத் திருப்ப இரண்டு ஆடிகள். பொடியைப் பரப்ப இயந்திரம் எதுவும் இல்லை. உப்புத்தூள் குப்பியைப் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு டெக்கார்டே கையால் தூவினார். லேசர் ஒரு சுற்று வரும், நிற்கும், அவர் தூவுவார், லேசர் மறுபடி வரும். இப்படித் தூவித் தூவிக் கிடைத்தவை சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கட்டிகள். பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் பொடி ஒட்டுகிறது, அடுக்கின்மேல் அடுக்கு நிற்கிறது என்பதற்கு அவை சாட்சி. முதுநிலைப் பட்டத்துக்கு அது போதுமாக இருந்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளையிலிருந்து 30,000 டாலர் கிடைத்தது. வேலைக்குப் போகாமல் முனைவர் பட்டத்துக்கு அங்கேயே தங்கிவிட்டார் டெக்கார்ட். 1986 அக்டோபர் 17 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. 1989 செப்டம்பர் 5 அன்று கிடைத்தது. அந்த முதல் இயந்திரத்துக்குப் பெட்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அதற்குப்பின் செய்த இன்னொன்றுக்குப் பாம்பி.

பொடியைக் கையால் தூவும்வரை பிரச்சினை கண்ணுக்குத் தெரியாது. இயந்திரம் தூவ வேண்டும் என்று வரும்போதுதான் எல்லாம் தெரியவரும். மார்கழி மாதம் விடிகாலையில் கோலம் போடுகிறவர்களுக்கு இது புரியும். மாவு உலர்ந்து பொலபொலவென்று இருந்தால் விரலிடுக்கில் இழை பிசகாமல் இறங்கும். ஈரம் ஏறினால் கட்டிகட்டியாக விழும். மிகவும் நைசாக அரைத்த மாவோ விரலிலேயே ஒட்டிக்கொள்ளும், இறங்காது. இயந்திரத்துக்குள்ளும் இதே கதை. மயிரிழை அளவுள்ள, ஏறத்தாழ 50, 60 மைக்ரான் துகள்கள் நன்றாக ஓடும். அதைவிட நுண்மையாகப் போனால் துகள்களுக்கு இடையிலான ஈர்ப்பும் நிலைமின்னும் சேர்ந்து அவற்றைத் திரளவைத்துவிடும். பெரிதாகப் போனாலோ அடுக்கு சொரசொரக்கும். ஒரு பட்டையை வைத்துத் தள்ளினால் பொடி இறுகி, கீழே ஏற்கெனவே உருவான பாகத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

இதற்கு டெக்கார்டும் பீமனும் கண்ட விடை ஓர் உருளை. தரையைச் சமன் செய்யும் ரோடு ரோலர் போகும் திசையிலேயே உருளும், அது அழுத்தும். இந்த உருளை அப்படிச் சுழலாது. முன்னே நகர்ந்துகொண்டே, எதிர்த்திசையில் சுழலும். அதனால் முன்னாலிருக்கும் பொடி கீழே நசுங்காமல் மேலே கிளறப்பட்டு, ஒரு சிறு அலைபோல் புரண்டு, தளர்வாக முன்னேறும். பின்னால் மெல்லிய, சமமான அடுக்கு படியும். அடியிலுள்ள பாகத்துக்கு இழுவிசை கிட்டத்தட்ட இல்லை. 1990-இல் இருவர் பெயரிலும் இதற்குத் தனிக் காப்புரிமை வந்தது. உருளை எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்பதற்கு ஒரு காப்புரிமையா என்று கேட்கலாம். கேட்பவர் ஒருநாள் பொடியைப் பரப்பிப் பார்த்தால் மறுபடி கேட்கமாட்டார்.

அடுத்தது வெப்பம். பொடி உருகி ஒட்டியதும் ஆறும், ஆறினால் சுருங்கும். மேலடுக்கு சுருங்கும் நேரத்தில் கீழடுக்கு ஏற்கெனவே இறுகிவிட்டிருக்கும். விளைவு, கல்லில் காயும் அப்பளத்தைப்போல் ஓரங்கள் மேல்நோக்கி வளைந்துவிடும். அடுத்த சுற்றில் உருளை வரும்போது அந்த வளைந்த ஓரத்தில் இடிக்கும். பல மணி நேர வேலை ஒரு நொடியில் குப்பை. லேசரின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ இதைத் தீர்க்க முடியாது. படுகை முழுவதையும் உருகுநிலைக்குச் சற்றுக் கீழே சூடாக வைத்திருக்க வேண்டும். அப்போது லேசர் கொடுக்கவேண்டியது கடைசிச் சில பாகை மட்டுமே. பாகம் முழுவதும் முடிந்தபின், பொடிக்குள் புதைந்தபடியே எல்லாமாகச் சேர்ந்து மெதுவாக ஆற வேண்டும்.

இங்கேதான் நைலான் 12 என்ற பொருள் இந்தத் தொழிலின் அரிசியாக ஆனது. சூடாக்கினால் ஏறத்தாழ 185 பாகை செல்சியஸில் உருகும். ஆனால் ஆறும்போது அதே 185-இல் உறைவதில்லை; 150 பாகையை நெருங்கினால்தான் படிகமாகத் தொடங்கும். இடையிலுள்ள முப்பத்தைந்து பாகைச் சந்தில், சுமார் 170-இல் படுகையை நிறுத்தினால், லேசர் பட்ட இடம் குழம்பாகவே இருக்கும், படாத இடம் பொடியாகவே இருக்கும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மணிக்கணக்கில் சண்டையின்றி வாழும். சுருக்கமும் வளைவும் அந்த நேரத்தில் தொடங்குவதில்லை. இந்தச் சந்து எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் வாய்ப்பதில்லை. ஏன் இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்த முறையில் பயன்படும் பொருள்களின் பட்டியல் குட்டையாக இருக்கிறது என்பதற்கு முக்கியமான காரணம் இது.

இயந்திரப் பொறியியல் துறை தனியாக இதைச் செய்திருக்க முடியாது. ஆஸ்டினின் பலம், அது தனியாகச் செய்ய முயலவில்லை என்பது. பொடி உருகுவதைப் பற்றிக் கேள்வி வந்ததும் வேதிப் பொறியியலிலிருந்து பாலிமர் அறிந்த ஜோயல் பார்லோ வந்தார். உலோகம் என்றதும் பொருளறிவியலிலிருந்து ஹாரிஸ் மார்கஸும் டேவிட் பூரலும் வந்தார்கள். வடிவமைப்புக்கு ரிச்சர்ட் கிராஃபோர்ட். கட்டற்ற வடிவில் திடப்பொருள் செய்வது என்ற பொருளில் பீமன் வைத்த பெயரையே தாங்கி ஓர் ஆய்வகமும் ஒரு கருத்தரங்கும் உருவாயின. 1990-இல் முதல் கருத்தரங்கு ஆஸ்டினில் நடந்தது. அன்றிலிருந்து அது ஆண்டுதோறும், பெரும்பாலும் டெக்சாஸின் ஆகஸ்ட் வெயிலில், கூடுகிறது. அதன் கட்டுரைத் தொகுதிகளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். சந்தா கட்ட வசதியில்லாத கல்லூரிகளில் படித்த எத்தனையோ பேருக்கு அந்தத் தொகுதிகள்தாம் முதல் பாடநூல். இதற்காக அந்த ஆய்வகத்துக்கு நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

தொழிற்சாலைக்குப் போன கதை வேறு வகையில் சுவையானது. பொறியியல் கல்லூரியில் உதவி முதல்வராக இருந்த பால் மெக்ளூர், டெக்கார்டோடு சேர்ந்து நிறுவனம் தொடங்க முன்வந்தார். தொடக்கப் பெயர் நோவா ஆட்டமேஷன். ரப்பர், வேதிப்பொருள் தொழிலில் பெரிய பெயரான பி.எஃப். குட்ரிச் பணம் போட்டது. 1989-இல் டி.டி.எம். என்று பெயர் மாறியது. மேசைமேல் உற்பத்தி என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம். 1992-இல் சின்டர்ஸ்டேஷன் 2000 என்ற அதன் இயந்திரம் சந்தைக்கு வந்தது. அதில் யாக் லேசர் இல்லை. கார்பன் டை ஆக்சைடு லேசர். யாக் லேசரின் 1 மைக்ரான் ஒளியைப் பெரும்பாலான பிளாஸ்டிக்குகள் அவ்வளவாக உள்வாங்குவதில்லை, 10.6 மைக்ரான் ஒளியை நன்றாக விழுங்கும். அந்த லேசரை 1964-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புணே பொறியியல் கல்லூரியில் படித்த குமார் படேல் என்பதை நம் மாணவர்களுக்கு நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

ஒரு நியாயத்தையும் பதிவு செய்ய வேண்டும். பொடியை அடுக்கி, ஒளியால் ஒட்டவைக்கும் எண்ணம் டெக்கார்டுக்கு முன்பே சிலருக்கு வந்திருந்தது. ராஸ் ஹவுஸ்ஹோல்டர் என்பவர் 1981-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். அது வணிகமாகவில்லை. திரவப் பிசினை ஒளியால் உறையவைக்கும் முறைக்குச் சக் ஹல் 1986-இல் காப்புரிமை பெற்று, 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அந்த நிறுவனமே 2001-இல் டி.டி.எம்.மை வாங்கியது. எண்ணம் யாருக்கு முதலில் வந்தது என்ற வழக்கில் எனக்கு ஆர்வம் குறைவு. அந்த எண்ணத்தைப் பொடியோடு மல்லுக்கட்டி நிறைவேற்றியது எந்த இடம் என்று கேட்டால், ஆஸ்டின் என்பதில் ஐயமில்லை.

மெழுகிலும் பிளாஸ்டிக்கிலும் செய்ததை உலோகத்தில் செய்ய ஆசைப்படுவது இயல்பு. 1990 கருத்தரங்கிலேயே இரு உலோகக் கலவைப் பொடியைப் பற்றிய கட்டுரை ஆஸ்டினிலிருந்து வந்தது: எளிதில் உருகும் ஒன்று பசையாகி, உருகாத மற்றொன்றைப் பிடித்துக்கொள்ளும். பின் டி.டி.எம். கொண்டுவந்த வழி, எஃகுத் துகளுக்குப் பிளாஸ்டிக் பூச்சுக் கொடுப்பது. லேசர் பூச்சை மட்டும் உருக்கி வடிவம் தரும். பிறகு உலையில் பூச்சு எரிந்துபோகும், விட்டுப்போன ஓட்டைகளில் வெண்கலம் ஊறி நிரம்பும். நல்ல தந்திரம், ஆனால் முழு எஃகு ஆகாது. உலோகப் பொடியை எந்தப் பசையும் இல்லாமல் முழுக்க உருக்கியே அடுக்குவதை ஜெர்மனியின் ஆகன் நகரில், ஃபிரான்ஹோஃபர் லேசர் தொழில்நுட்ப நிறுவனத்தார் எடுத்துச் சென்றார்கள். 1996-இல் அவர்கள் விண்ணப்பித்த காப்புரிமைதான் இன்றைய உலோக இயந்திரங்களுக்கு அடித்தளங்களில் ஒன்று. அந்த நிறுவனம் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு தோளோடு தோள் நிற்பது. ஜெர்மன் உதவியோடு 1959-இல் கிண்டி மான்காட்டை ஒட்டி எழுந்த ஐ.ஐ.டி. மெட்ராஸுக்கும் அதே ஆகன் பல்கலைக்கழகம் பழைய தோழமை.

அந்த ஐ.ஐ.டி.யில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனத்தின் ராக்கெட் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியபோது, அதன் எஞ்சின் மூட்டும் வெல்டிங்கும் இல்லாமல், ஒரே துண்டாக உலோகப் பொடியிலிருந்து அச்சிடப்பட்டதாக இருந்தது. அன்று காலை நான் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நெருப்பைப் பார்த்தபோது உப்புக் குப்பியைக் கையில் பிடித்த ஒரு மாணவரின் நினைவுதான் எனக்கு வந்தது.

பிளாஸ்டிக் பாகங்களின் பயன்பாட்டை ஒவ்வொன்றாகச் சொல்லத் தேவையில்லை. எஃப்-18 போர் விமானத்தின் காற்றுக் குழாய்கள் இந்த முறையில் செய்யப்பட்டவை; வளைந்து நெளிந்து இடுக்குகளில் போகும் அந்தக் குழாய்களுக்கு அச்சு செய்வதென்றால் பெரும்பாடு. ஆஸ்டின் குழுவினர் செயற்கைக் கால்களில் காட்டிய அக்கறை எனக்கு இன்னும் நெருக்கமானது. வெட்டுண்ட காலின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறு. அளவெடுத்து ஒரே ஒன்று செய்ய வேண்டிய பொருளுக்கு அச்சுச் செலவு கட்டாது. பொடிக்கோ ஒன்று செய்வதும் நூறு செய்வதும் ஒரே கணக்கு.

பொடியின் அதிகாரத்தை உலகம் முழுவதும் ஒரே நாளில் உணர்ந்தது 2012 மார்ச் 31. ஜெர்மனியின் மார்ல் நகரத்தில் எவோனிக் ஆலையில் வெடிவிபத்து. இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நைலான் 12-க்கு மூலமான ஒரு வேதிப்பொருள் அங்கேதான் பெருமளவில் தயாராகிக்கொண்டிருந்தது. கார் தொழிற்சாலைகளே கலங்கிப்போயின. லேசர் இயந்திரங்களை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். ஒரே பொருளை நம்பியிருந்தால் ஒரு தீ எல்லாவற்றையும் நிறுத்திவிடும்.

பொடி வீணாவதும் ஒரு வேதனை. ஒவ்வொரு முறையும் படுகையில் பாகமாக ஆகாமல் மிஞ்சும் பொடி மணிக்கணக்கில் சூட்டில் கிடந்து மூப்படைகிறது. அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் நீள்கின்றன, உருகினால் குழம்பு கெட்டியாகிறது. அதையே திரும்பப் போட்டால் பாகத்தின் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போல் குழிகுழியாகிவிடும். அதனால் பழையதோடு ஏறக்குறையப் பாதிக்குப் பாதி புதியது கலக்கிறார்கள். சமையலறையில் புளித்த மாவைப் புதிய மாவோடு கலப்பவர்களுக்கு இந்த அளவுக் கணக்கு அந்நியமில்லை. இயந்திரம் வாங்கும் கல்லூரிகள் லேசரின் வாட்டைத்தான் கேட்கின்றன. பொடிக்கு ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், மிஞ்சியதை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. வாங்கி ஓராண்டுக்குள் உறைபோட்டு மூடிவைத்த இயந்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். லேசர் நன்றாகத்தான் இருந்தது.

பிற்காலத்தில் ஆஸ்டினில் பீமனும் ஸ்காட் ஃபிஷ்ஷும் கட்டிய ஆய்வு இயந்திரம் முழுக்க முழுக்கப் பொடிப்படுகையின் சூட்டைக் கவனிப்பதற்கானது. அகச்சிவப்புக் கேமராக்கள் படுகையின் ஒவ்வொரு மூலையையும் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு சூடு, ஓரத்தில் ஒரு சூடு என்றிருந்தால், ஒரே இயந்திரத்தில் ஒரே நாளில் செய்த இரண்டு பாகங்களில் ஒன்று வலுவாகவும் மற்றொன்று நொறுங்குவதாகவும் அமையும். விமானத்தில் பொருத்துகிறவருக்கு இது பொறுக்காது. பீமன் படித்த கட்டுப்பாட்டுப் பொறியியல் முப்பது ஆண்டுகள் கழித்து இப்படிக் கைகொடுத்தது.

2014 ஜனவரி 28 அன்று டெக்கார்டின் முக்கியமான காப்புரிமைகளில் கடைசியானவற்றுள் ஒன்று காலாவதியானது. உலகெங்கும் புதிய இயந்திர நிறுவனங்கள் முளைத்தன, விலை இறங்கியது. டெக்கார்ட் அப்போது இயந்திரம் எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை. 2012-இல் நண்பர்களோடு சேர்ந்து ஆஸ்டினிலேயே ஸ்ட்ரக்சர்ட் பாலிமர்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அது செய்தது ஒன்றே ஒன்று: நைலான் 12 அல்லாத வேறு பிளாஸ்டிக்குகளை இந்த முறைக்கு ஏற்ற, நன்றாக ஓடக்கூடிய நுண்பொடியாக்குவது. 2019 ஜனவரியில் அந்த நிறுவனத்தை வாங்கியது எவோனிக். அதே ஆண்டு டிசம்பரில் டெக்கார்ட் காலமானார்; வயது 58.